ஓராண்டுப் படிப்பும் ஒரு கதையும்

நூல்களை விரும்பிப் படிப்போர் யாவரும் எழுத்தாளராகிவிடுவதில்லை. ஆகவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. ஆயினும், தொடர்ந்து படித்துவரும் ஒருவருடைய மனத்தில் ஒரு கேள்வி என்றாவது ஒருநாள் எழவே செய்யும்: ‘இந்நூல்களிலெல்லாம் நம்முடைய தெரு எங்கே இருக்கிறது?’ அதற்கு விடை காண விரும்புகிறவர் முதலில் மேலும் சில நூல்களைத் தேடுவார். தேடியது கிடைக்காதபோது தாமே எழுதத் தொடங்குவார். சென்ற ஓராண்டுக் காலத்தில் நமக்கு நேர்ந்தது இதுவே.

நாம் வாழும் அன்புவழிபுரம் திருகோணமலை நகரை அடுத்துள்ள ஊர். துறைமுகத்தையும் கடலையும் கூலிவேலையையும் நம்பி வாழ்வோர் இப்பகுதியில் பலர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி எல்லோர் வீட்டு அடுப்பையும் தொட்டது போலவே புத்தக அலுமாரியையும் தொட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் காகிதத் தட்டுப்பாட்டினால் மேல்மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன; செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டியது. மாதச் சம்பளத்தில் வாழ்வோர் புதிய நூல் வாங்குவது அன்று முதல் அரிதாயிற்று. ஆகவே நம் படிப்பு இரவல் நூல்களாலும், 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களைப் படியெடுத்து இணையவழி இலவசமாக வழங்கிவரும் ‘நூலகம்’ திட்டத்தாலுமே நடந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தகைய இழப்பைக் கண்ட ஒரு மக்கட் கூட்டத்துக்குக் கைபேசித் திரையில் தெரியும் ஒரு பழுப்புப் பக்கமும் பெருஞ்செல்வமே.

முதலில் நம் மாவட்டத்தாரின் நூல்களைப் பற்றி அறிய முற்பட்டோம். தமிழ் நாவலின் தொடக்க வரலாற்றில் திருகோணமலைக்குத் தனியிடம் உண்டு என்பதை இலக்கிய மாணவர் அறிவர். இவ்வூர் இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வெளிவந்தது. இவ்வூரிலே பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராகப் பணியாற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலராலும் கொள்ளப்படுவது அது.

இவ்விரண்டிலும் நம்மைச் சிந்திக்கவைத்த செய்தி ஒன்றுண்டு. முன்னது ஓர்சன், வலன்டைன் என்னும் இரட்டைச் சகோதரரைப் பற்றிய பழைய ஐரோப்பியக் கதையின் தமிழ் வடிவம். பின்னது நாயக்கர் ஆண்ட தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் நிகழ்வது. இரண்டையும் எழுதியோர் திருகோணமலையார். இரண்டிலும் திருகோணமலை இல்லை!

இதனைக் குறையாகச் சொல்ல வரவில்லை. அன்று உரைநடைக் கதைக்கு முன்மாதிரி மேனாட்டிலிருந்து வந்தது. அச்சுத் தொழிலும் வாங்கிப் படிப்போர் தொகையும் தமிழகத்திலே பெரிதாயிருந்தன. கதை என்றால் அரசரும் வீரரும் உயர்குடிப் பெண்டிரும் உலவவேண்டும் என்ற எண்ணம் வலுத்திருந்த காலம் அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும் கரைவலை இழுத்தவனும் கதைக்கு உரியவர் என்று கருதும் சமுதாயம் அப்போது தோன்றவில்லை. அந்நிலையிலும் சரவணமுத்துப்பிள்ளை ‘தத்தை விடு தூது’ என்ற நூலை 1892இல் எழுதிப் பெண்விடுதலையைப் பேசினார் என்பதை நன்றியோடு நினைக்கவேண்டும். முப்பத்தேழு வயதளவில், 1902இல் அவர் மறைந்தார். இன்னும் இருபதாண்டு வாழ்ந்திருந்தால் தம் ஊரையும் எழுதியிருப்பாரோ என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, கொட்டியாபுரக் குடாவின் கரையிலுள்ள மூதூரில் பிறந்த ஆசிரியர் வ. அ. இராசரத்தினம் அவ்வேலையைச் செய்தார். 1962இல் வெளிவந்த அவருடைய ‘தோணி’ சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. மீனவரின் வாழ்வும் அவர்கள் பேச்சும் அங்கே கதையாயின. அவரையடுத்து ந. பாலேஸ்வரியின் ‘சுடர்விளக்கு’ 1966இல் வந்தது. நம் மாவட்டத்துப் பெண்ணொருவரின் நாவல் அது. பின்னர் நந்தினி சேவியரைப் படித்தோம். தென்மராட்சியின் மட்டுவிலிலே பிறந்து, இடதுசாரி இயக்கத்தில் உழைத்து, திருகோணமலையில் நெடுங்காலம் வாழ்ந்து, 2021இல் இங்கேயே மறைந்தவர் அவர். ‘அயற்கிராமத்தைச் சேர்ந்தவர்கள்’ என்ற தொகுதியின் ஆசிரியராகிய அவர் குறைவாகவே எழுதினார். எழுதியவற்றில் ஒதுக்கப்பட்டோரின் பக்கம் நின்றார்.

இப்படிப்புக்கிடையே 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தைப் பற்றியும் தேடிப் படித்தோம். உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையில் எழுதியவர்களை நோக்கி, அஃது ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் பழித்தனர். 1954இல் தொடங்கிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினரும், கைலாசபதி, சிவத்தம்பி முதலிய திறனாய்வாளரும் அப்பழிப்புக்கு விடையிறுத்தனர். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் தொழில் செய்துகொண்டே எழுதி, 1966இல் ‘மல்லிகை’ மாத இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவாவின் வாழ்வே அப்பழிப்புக்குப் பெரியதொரு விடை. கடல் கடந்து பார்த்தாலும் இதுவே உண்மை. மாக்ஸிம் கார்க்கி இளமையில் கசான் நகரில் வொல்கா ஆற்றுத் துறையிலே சுமைதூக்கியவர். அவருடைய ‘தாய்’ நாவலைத் தமிழாக்கிய தொ. மு. சி. ரகுநாதன், நெசவாளரின் வறுமையைப் ‘பஞ்சும் பசியும்’ என்று 1953இல் நாவலாக்கியவர்.

இத்தனையும் படித்தபின் நாம் எழுத உட்கார்ந்தோம். எதனை எழுதுவது? கேள்விக்கான விடை பக்கத்து வீட்டிலே இருந்தது.

நம் அயலில் அக்கா ஒருவர் இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார். நுண்கடன் பெற்றவர். இக்கடன் நடைமுறையை வாசகருட் பலர் அறிந்திருப்பர். பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு குழுவாவர். ஒருவர் கடனுக்கு மற்றவர் பிணை. வாரந்தோறும் தவணை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். நிலமோ நகையோ ஈடாகக் கேட்பதில்லை. ஈடாக வைக்கப்படுவது அயலாரிடையே ஒரு பெண்ணுக்குள்ள மதிப்பு. ஆகவே தவணை தவறிய நாளில் வீட்டு வாசலில் வந்து நிற்போர் கடன்காரர் மட்டுமல்லர். உடன் கடன்பட்ட தோழியரும் நிற்பர். ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்தும் இவ்வேற்பாட்டைத் திட்டமிட்டவர் தேர்ந்த கணக்கர் என்பதில் ஐயமில்லை!

வடக்கிலும் கிழக்கிலும் மாத்திரம் உள்ள துன்பமன்று இது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. 2021 மார்ச் 8ஆம் நாள், பெண்கள் தினத்தன்று, பொலனறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். அவர்கள் பேசும் மொழி வேறு. கடன் அட்டையிலுள்ள எண்கள் ஒன்றே.

அக்காவின் கதையை எழுத அவரிடமே அனுமதி கேட்டோம். சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “இதை எழுதினால் என்ர கடன் குறையுமே, தம்பி?” என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை; அறிந்துகொள்ளவே கேட்டார். குறையாது என்றோம். “அப்ப என்னத்துக்கு?” என்றார். அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை.

எனினும் அவர் மறுக்கவில்லை. பெயரையும் ஒழுங்கையையும் மாற்றவேண்டும், பிள்ளைகளைப் பற்றி எழுதலாகாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு சொல்லத் தொடங்கினார். தவணை கட்டமுடியாதுபோன ஒரு நாளைப் பற்றிக் கேட்டோம். நாம் படித்த கதைகளில் இத்தகைய நேரத்தில் பெண்கள் அழுவார்கள், தெய்வத்தை அழைப்பார்கள். அக்கா சொன்னது வேறு. “நான் அழேல்லத் தம்பி. அவை வாசல்ல நிண்டு கத்தேக்க, நான் இடியப்பத் தட்டை எண்ணிக்கொண்டு நிண்டனான். திரும்பத் திரும்ப எண்ணினன். இருபத்தொண்டு.” ஓராண்டுப் படிப்பில் நாம் எங்கும் காணாத வரி அது. அந்த ‘இருபத்தொண்டை’ ‘இருபத்தொன்று’ என்று திருத்தி எழுத நம் கை இணங்கவில்லை. மரபுப் போராட்டம் எதன்பொருட்டு நடந்தது என்பது நூல்களிற் படித்தபோது விளங்கியதைக் காட்டிலும் அப்பொழுதே நன்றாக விளங்கிற்று.

கதை ஏழு பக்கத்தில் முடிந்தது. முடிந்த அன்று மாலை அதனை அக்காவுக்கு வாசித்துக் காட்டினோம். அவருடைய குழுவைச் சேர்ந்த இன்னும் இருவர் அங்கே இருந்தனர். கதையிலுள்ள பெண் யாரென்று அவர்கள் கேட்கவில்லை. வாசித்து முடிந்ததும் அவர்களில் ஒருவர், தாம் தவணை கட்டாத நாளில் பின்புறக் கதவால் வெளியேறிக் கிணற்றடியில் ஒளிந்திருந்ததைச் சொன்னார். மற்றவர் தம்முடையதைச் சொன்னார். அதுவரை ஒருவருக்கொருவர் காவல் நின்ற மூவரும் ஒரே திண்ணையில் இருந்து பேசியது இருட்டும்வரை நீண்டது.

அக்காவின் கேள்விக்கு இப்போது நம்மால் ஓரளவு விடை சொல்ல இயலும். கதை கடனைக் குறைக்காது. ஆனால் அக்கடனுக்குப் பணவட்டியோடு வெட்கம் என்ற மற்றொரு வட்டியும் உண்டு. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டுமே நேர்ந்ததென்று மறைத்துவைக்கும் வரையில்தான் அவ்வட்டியை அறவிட முடியும். எல்லோருக்கும் நேர்ந்ததென்று தெரிந்துவிட்டால் அது செல்லாக் காசு. பணவட்டியைக் கேள்வி கேட்க அமைப்பும் போராட்டமும் வேண்டும்; ஹிங்குராக்கொடைப் பெண்கள் அதற்கு வழி காட்டினார்கள். அவ்வாறு ஒன்றுகூடி அமர்வதற்கு முன் வெட்கம் நீங்கவேண்டும். அதற்கு ஒரு கதை உதவுமாயின் எழுதியது வீண்போகாது.

ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் உள்ள வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு உங்கள் ஊரார் எழுதிய நூல் ஒன்றைத் தேடிப் படியுங்கள். அதில் உங்கள் தெரு இல்லையெனில் அதனை எழுதுங்கள். எழுதியதை இதழுக்கு அனுப்புமுன், யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நம் ஏழு பக்கத்துக்கு அடுத்த வாரம் சனசமூக நிலையத்தில் வாசிப்பு இருக்கிறது; குழுவின் மற்றப் பெண்களையும் அழைத்துவருவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.