மூச்சை எண்ணத் தெரிந்தவர்கள்

2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 நர்ஸிங் கல்லூரிகள் வரும் என்று 2023 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. ஏப்ரலில் அமைச்சரவை 1,570 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 15,700 பட்டதாரி செவிலியர்கள் கூடுதலாகக் கிடைப்பார்கள் என்பது அரசின் கணக்கு. எனக்கு இதில் எண்ணிக்கையைவிட இடம்தான் முக்கியமாகப் பட்டது. நர்ஸிங் கல்லூரி நோயாளியிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அங்கிருந்து வெளிவரும் செவிலியரின் தரம் அமைகிறது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு நர்ஸிங் கல்லூரியின் பயிற்சிக் கூடத்தையும் அதன் மருத்துவமனை வார்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு இந்த எண்ணம் உறுதிப்பட்டது.

பயிற்சிக் கூடத்தில் கட்டில்களும் பொம்மை நோயாளிகளும் ஊசி போட்டுப் பழக ரப்பர் கைகளும் இருக்கின்றன. படுக்கை விரிப்பது, கை கழுவுவது, ட்ரிப் ஏற்றுவது எல்லாம் வரிசைப்படி சொல்லித் தரப்படுகின்றன. இவற்றை எந்த நல்ல கூடத்திலும் கற்கலாம். ஆனால் எல்லாவற்றிலும் எளியதாகத் தெரிகிற ஒரு வேலைக்கு இந்தக் கூடம் போதவில்லை. அது மூச்சை எண்ணுவது. அதற்கு வேண்டிய கருவி வினாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரம் மட்டுமே. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது முதலில் மாறும் அறிகுறிகளில் இதுவும் ஒன்று. பல நேரம் ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகம் பிடித்துவிடும். கிராமத்தில் சளி இருமலோடு வரும் குழந்தைக்கு நிமோனியாவா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோலும் இதுதான்: 2 மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ ஆபத்து.

தன் மூச்சை ஒருவர் எண்ணுகிறார் என்று தெரிந்தாலே மனிதனின் மூச்சு மாறிவிடும். அதனால் தேர்ந்த செவிலியர் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை முழு நிமிடம் கவனிக்கிறார். பொம்மை நோயாளிக்கு எந்த வேகத்திலும் மூச்சு வைக்கலாம். ஆனால் அது கூச்சப்படாது, பயப்படாது, வலியை மறைக்காது. வார்டில் இதற்கு நேர்மாறான பாடமும் காத்திருக்கிறது. அவசரத்தில் எண்ணாமலேயே சார்ட்டில் 18, 20 என்று எழுதிவிடுவது பல நாடுகளின் ஆய்வுகளில் பதிவான பழக்கம். அந்த எண்ணைச் சந்தேகிக்கவும் மறுபடி எண்ணவும் மாணவிக்குக் கற்றுத்தர, கட்டிலருகே நேரமுள்ள ஒரு மூத்த செவிலியர் நிற்க வேண்டும்.

பயிற்சிக் கூடங்கள் நவீனமாகிவிட்டன, மருத்துவமனை இல்லாமலும் சமாளிக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. நோயாளியின் உடலில் முதல் தவறு நிகழாமல் காக்க இந்தக் கூடங்கள் அவசியம்தான். ஆனால் அவை வார்டுக்கு முன்படி. வார்டுக்கு மாற்று அல்ல. இந்தத் தொழிற்கல்வியின் வரலாறும் இதையே சொல்கிறது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் நிதியில் 1860-இல் லண்டனில் தொடங்கிய பள்ளி செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்குள் இயங்கியது. இந்தியாவில் 1946-இல் பி.எஸ்சி. நர்ஸிங் பட்டப்படிப்பு டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. வேலூரில் அதற்கு முன்பே மருத்துவர் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை 1909 முதல் செவிலியர் பயிற்சி நடத்திவந்தது. அங்கே வார்டு முதலில் வந்தது, பட்டம் பிறகு வந்தது.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. மருத்துவமனைக்குள் கல்லூரி இருந்தால் மாணவிகளைச் சம்பளமில்லா வேலையாட்களாக்கிவிடுவார்கள் என்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதிமுறை. அந்த விகிதம் இல்லாத இடத்தில் மாணவி அந்தப் பள்ளத்தை நிரப்பும் கையாகிறாள். படுக்கை மாற்றவும் மருந்து வாங்கி வரவும் ஓடுகிறாள். இதற்குத் தீர்வு அவளை வார்டிலிருந்து விலக்குவதல்ல, காலிப் பணியிடங்களை நிரப்புவது. சொல்லித்தர ஆள் இல்லாத வார்டு பயிற்சி வார்டே அல்ல.

அப்படிப்பட்ட ஆளை வார்டில் தக்கவைப்பது சம்பளம். 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேலானால் அரசு ஊதியத்துக்கு இணையாகத் தரச் சொன்னது. தமிழக அரசே 2015-இல் தேர்வு வைத்து எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்துவந்தது. நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் 2017-இல் சென்னையில் திரண்டார்கள். கல்விக் கடனோடு வெளிவருகிறவர் இந்தச் சம்பளத்தைப் பார்த்து விமானம் ஏறினால் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வெளிநாட்டு வேலைக்குப் போகும் வழியிலும் தரகர்கள் கை நீட்டினார்கள். லட்சக்கணக்கில் கறந்த முகவர்களால்தான் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கான செவிலியர் தேர்வை 2015-இல் அரசு நிறுவனங்களிடம் மட்டும் ஒப்படைக்க நேர்ந்தது. இப்படி அனுபவசாலிகள் போய்க்கொண்டே இருந்தால் அடுத்த மாணவிக்கு மூச்சை எண்ணக் கற்றுத்தர யார் மிஞ்சுவார்கள்? குறைந்த சம்பளம் ஒரு தலைமுறையின் வருமானத்தை மட்டுமல்ல, அடுத்த தலைமுறையின் கல்வியையும் தின்கிறது.

எனவே புதிய கல்லூரிகள் மருத்துவமனை வளாகத்தில் வருவது சரியான முடிவு. ஆனால் அது பாதி முடிவுதான். மகளை நர்ஸிங் படிக்க அனுப்பும் பெற்றோர் கட்டடத்தையும் வெளிநாட்டு வேலை விளம்பரத்தையும் விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? அதன் கட்டில்களில் நோயாளிகள் இருக்கிறார்களா? வார்டில் மாணவியருகே நின்று சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்காத கல்லூரிக்குக் கட்டணம் கட்டாதீர்கள்.