பத்தில் விழுந்த குண்டு

என் மகள் சுட்ட குண்டு பக்கத்து வீட்டு அக்காவின் கன்னத்தைக் கிழித்தது. "பொண்ணு குறி தவறிட்டா" என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். அவள் குறி தவறவில்லை. நான் செய்த பெட்டிதான் குண்டைப் பிடிக்கவில்லை.

அவள் பழகியது 10 மீட்டர் ஏர் ரைபிள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய அதே பிரிவு. லட்சத்துக்கு மேல் கடன்பட்டு ரைபிள் வாங்கினேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினேன். குண்டு பிடிக்கும் பெட்டிக்குச் செலவழிக்க மட்டும் மனம் வரவில்லை. பயிற்சியாளர் தெளிவாகவே சொன்னார்: "இரும்புத் தகட்டைச் சாய்ச்சு வெச்ச பெட்டியா வாங்குங்க சார். குண்டு பட்டுக் கீழே விழுந்துடும்." பெட்டியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பழக்கடை ஆப்பிள் பெட்டி ஒன்று, முதுகுக்கு ஒரு ப்ளைவுட் துண்டு, உள்ளே திணிக்கப் பழைய துணி. காயலான் கடையில் 3 மில்லிமீட்டர் தகடு எடைக்குக் கிடைக்கும். அதையாவது பின்னால் வைத்து அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி அதை நிறுத்தினேன். போட்டி விதிப்படி இலக்கின் மையம் 1.4 மீட்டர் உயரம். எங்கள் கைப்பிடிச் சுவர் இடுப்பளவு. பெட்டிக்குப் பின்னால் இருந்தது சுவரல்ல. அக்கா துணி காயப்போடும் மாடி.

துணி அடைத்த பெட்டியில் ஒரு சிக்கல் உண்டு. குண்டுகள் பரவலாக விழுந்தால் துணி தாங்கும். ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடம் மட்டும் நைந்து பொடியாகும். துளை பின்னோக்கிக் குடைந்துகொண்டே போகும். இலக்கு அட்டையின் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய பொட்டு அரை மில்லிமீட்டர். போட்டியில் போலவே ஒவ்வொரு பயிற்சிக்கும் 60 குண்டுகள் சுடுவாள். அவள் தேறத் தேற, பெட்டியின் நடு பலவீனமானது.

இது எனக்கு முன்பே தெரியும். முந்தின வாரம் பெட்டியை நகர்த்தியபோது முதுகுப் பக்கம் ப்ளைவுட் உப்பியிருந்தது. சிராய் பிளந்து நின்றது. பிளவுக்குள் ஈயம் பளபளத்தது. விரலால் தடவியும் பார்த்தேன். மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிரித்தால் பயிற்சி கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. பயிற்சியாளர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். பெட்டியை அதே இடத்தில் திரும்ப வைத்தேன்.

ஈயக் குண்டின் எடை அரை கிராம்தான். ஆனால் குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகம். ப்ளைவுட்டைத் தாண்டிய பிறகும் அதில் விசை மிச்சமிருந்தது. அக்கா போர்வையை உதறிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே பட்டது. குளவி கொட்டியதாக நினைத்தாராம். கையை எடுத்துப் பார்த்தால் ரத்தம். தையல் போட்டார்கள்.

அவர் வீட்டுக்காரர் கத்திக்கொண்டே வந்தார். நான் பயந்தேன். போலீஸ் வரும், தெருவே பேசும், என் மானம் போகும். அந்தப் பயத்தில் வாயில் வந்ததுதான் அந்தப் பொய். மகள் பக்கத்திலேயே நின்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் "அத்தை, மன்னிச்சிடுங்க" என்று கைகூப்பியது அவள்தான். நான் பில் கட்டினேன்.

அன்று மாலை பெட்டியைக் கழற்றினேன். கடைசி அட்டையில் ஒரே ஓட்டை. பத்தில். அதைப் பார்த்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

அவள் மாவட்டப் போட்டிக்குப் போகவில்லை. "கை நடுங்குதுப்பா" என்றாள். தான் தவறியதாக அவளே நம்பிவிட்டாள். ரைபிள் உறையை விட்டு வெளியே வரவில்லை. அக்கா வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்.

இந்த வாரம்தான் இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். அக்கா எதுவும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார். "அந்த அட்டையை ஏம்பா கிழிச்சீங்க?" என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்று என் பேச்சை நம்பிய எங்கள் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அவளை எங்கே பார்த்தாலும் தயவுசெய்து அவளிடம் சொல்லுங்கள்: அந்தக் குண்டு பத்தில்தான் விழுந்தது என்று அவள் அப்பாவே எழுதியிருக்கிறார் என்று.