விஜயநாராயணத்துக் கோபுரங்கள்

நாங்குநேரியைத் தாண்டி விஜயநாராயணம் பக்கம் போனால், பனைகளுக்கெல்லாம் மேலே கம்பிக் கோபுரங்கள் தெரியும். 1990-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் அது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளில் கடலுக்கடியிலுள்ள நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்து செய்தி போகிறது. உள்ளே இருப்பவர்கள் கேட்கலாம். அதே வழியில் பதில் சொல்ல முடியாது. கும்பினிக்குக் கிஸ்தி மறுத்து 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலேறியவரின் பெயரை இதற்கு யார் தேர்ந்தெடுத்தார்களோ!

அணு ஏவுகணை ஏந்தும் அரிஹந்த் நீர்மூழ்கியை 2009-ல் விசாகப்பட்டினத்தில் தேங்காய் உடைத்துத் தொடங்கிவைத்தவர் அன்றைய பிரதமரின் மனைவி குர்ஷரண் கவுர். தேங்காய்க்கு மட்டும் நம்மைக் கூப்பிடுவார்கள்.

சென்ற வருஷம் இளங்கலை மாணவிகளுக்கு ‘கமாண்ட் அண்ட் கன்ட்ரோல்’ ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினேன். 1980-ல் அமெரிக்காவின் அர்கான்சா மாநிலத்தில், பராமரிப்பு வேலையிலிருந்த இளைஞர் கையிலிருந்து நழுவிய ஒரு கருவி, டைட்டன்-2 ஏவுகணையின் எரிபொருள் கலனைத் துளைத்துவிடுகிறது. மறுநாள் விடியுமுன் ஏவுகணை வெடித்து ஒருவர் இறக்கிறார். அணுகுண்டு வெளியே போய் விழுகிறது. நல்லவேளை, அது வெடிக்கவில்லை.

விபத்தைவிட அந்தக் குழுக்களின் பயிற்சிதான் என்னை உறுத்தியது. இரண்டு பேர், இரண்டு சாவிகள். ஒருவர் கைக்கு இரண்டும் எட்டாது. எந்த ஊர் அழியப்போகிறது என்று திருப்புகிறவர்களுக்குத் தெரியாது. இலக்கு ஒன்று, இரண்டு, மூன்று, அவ்வளவுதான். 1973-ல் இத்தகைய பயிற்சியில் இருந்த மேஜர் ஹெரால்ட் ஹெரிங், உத்தரவிடும் அதிபர் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். விமானப்படை அவரை வெளியே அனுப்பிவிட்டது. புகுந்த வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பெட்டியோடு திரும்பி வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவரைப் புரிந்துகொள்ள எனக்கு நேரமாகவில்லை.

“மேடம், இதுக்குப் பொம்பளைப் பிள்ளைகள எடுப்பாங்களா?” என்றாள் ஒருத்தி. அக்னிவீர் தேர்வுக்காக விடியுமுன் எழுந்து வ.உ.சி. மைதானத்தில் ஓடுகிறவள். 1978-லேயே டைட்டன் குழுக்களில் பெண்கள் சேர்ந்தார்கள், நம் கடற்படையும் 2022 முதல் பெண்களை மாலுமிகளாக எடுக்கிறது என்றேன். அவள் முகம் மலர்ந்தது, என்னுடையது மலரவில்லை. சமத்துவம் என்று நாம் கேட்டது இந்தச் சாவியில் பாதியையா? இடிந்தகரைப் பந்தலில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பற்றி அவளிடம் பேசினேன்.

பொறுமையாகக் கேட்டாள். “வீட்ல மாப்பிள்ளை பாக்காவ மேடம். இந்த வேலை கெடச்சா நாலு வருஷம் தள்ளிப்போடலாம். நீங்க சம்பளம் வாங்கிக்கிட்டுச் சொல்லுதீய.”

ஓடாதே என்று அவளிடம் நான் சொல்லவில்லை. ஹெரிங் கேட்ட கேள்வியை மட்டும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “உத்தரவு போடுறவங்களுக்கும் ஓட்டப் பரீட்சை மாதிரி ஏதாவது உண்டா மேடம்?” என்றாள்.