கையால் சுற்றிப் பார்த்த பிறகு

ஏறி உட்கார்ந்து ஓட்டும் மின்சாரப் பயணப்பெட்டியைப் பெங்களூரு தொம்மலூரில் என் பட்டறைக்கு இழுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்போடுதான் வருகிறார்கள்: “அண்ணா, மோட்டார் போயிடுச்சு.” நான் சுவிட்சைத் தொடுவதில்லை. முதலில் பேட்டரியைக் கழற்றி வைக்கிறேன். பிறகு பெட்டியைக் கவிழ்த்து, மோட்டார் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுகிறேன். பாதிச் செய்தி அந்த ஒரு சுற்றிலேயே கிடைத்துவிடும்.

இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குச் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். அச்சோடு அசையாமல் நிற்பவை செம்புக் காயில்கள். அவற்றைச் சுற்றி ஓடுவது காந்தம் பதித்த வளையம். பிரஷ் கிடையாது, ஆகவே உள்ளே தேய்வதற்குப் பியரிங் தவிர அதிகம் ஒன்றுமில்லை. கையால் சுற்றும்போதே கரகரத்தால் பியரிங்கைப் பார்க்கிறேன், அல்லது அச்சில் சுற்றிக்கொண்ட தலைமுடியை. தரையை ஒட்டி ஓடும் சின்னச் சக்கரம் முடியையும் நூலையும் நிறைய வாரிக்கொள்கிறது. கையில் அமைதியாக ஓடி, மின்சாரம் கொடுத்தால் மட்டும் உறுமுகிற சக்கரத்துக்கு நோய் வேறு.

சக்கரம் கனமாகச் சுற்றினால் எனக்குக் கவனம் கூடும். மோட்டாரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் 3 தடித்த பேஸ் வயர்களையும் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுவேன். கனம் உடனே மறைந்தால் மோட்டார் நிரபராதி. கன்ட்ரோலருக்குள், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கிறது. வயரைக் கழற்றிய பிறகும் விட்டு விட்டு இழுத்துப் பிடித்தால், காயில் உள்ளே ஷார்ட். மோட்டாரைத் திறந்தால் கருகிய வார்னிஷ் வாடை அதை உறுதி செய்யும். மல்டிமீட்டரை நம்பி இதைச் சொல்ல முடியாது. நல்ல காயிலின் மின்தடையே ஒரு ஓமுக்கும் கீழே இருப்பதால், கெட்டதும் நல்லதும் மீட்டரில் ஒன்றுபோலத்தான் தெரியும். கை காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை எளிய சோதனையைச் செய்யாமல் மோட்டாரையே மாற்றச் சொல்வது எனக்குப் பொறுக்காத காரியம்.

புறப்படும்போது வெட்டி வெட்டி இழுத்து, காலால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடத் தொடங்கும் பெட்டியில் நான் சந்தேகப்படுவது ஹால் சென்சாரை. காந்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்பவை இந்த 3 சில்லுகள். அவற்றின் 5 மெல்லிய வயர்களில் இரண்டு மின்சாரத்துக்கு, மூன்று சிக்னலுக்கு. 5 வோல்ட் கொடுத்துச் சக்கரத்தை நிதானமாக உருட்டினால், ஒவ்வொரு சிக்னலும் சுழியத்துக்கும் ஏறக்குறைய 5 வோல்ட்டுக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். ஒன்று மட்டும் தாவாமல் நின்றால், முதலில் அதன் வயரைப் பாருங்கள், பிறகு சில்லை.

ஸ்கூட்டரில் அதிகம் பார்க்காத ஒரு கோளாறு இந்தப் பெட்டிகளில் உண்டு. அது விமானப் பயண விதிகளிலிருந்து தொடங்குகிறது. விமானத்தில் 100 வாட்-மணி வரையிலான லித்தியம் பேட்டரியைத் தனி அனுமதியின்றிக் கையோடு கொண்டுபோகலாம். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். பெட்டியைச் சரக்கில் போடுவதானால் பேட்டரியைக் கழற்றியாக வேண்டும். கழற்றிக் கழற்றி மாட்டும் அந்தக் கனெக்டரின் பிடி தளர்கிறது. விளக்கு எரியும், ஆள் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வோல்ட்டேஜ் விழுந்து சக்கரம் திணறும். பழி மோட்டார் மேல் விழும். இழுத்து மடக்கும் கைப்பிடிக்குள் ஓடும் வயரும் அப்படித்தான்: மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இற்றிருக்கும்.

எங்கள் தெருக்களும் தம் பங்கைச் செய்கின்றன. 2008இல் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போய்விட்டன. எங்கள் ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் பயணிகளுக்கான ஏர்போர்ட் இப்போது பெயரில் மட்டும்தான் மிச்சம். முனையத்தின் வழவழத் தரைக்கென்று செய்த சக்கரத்தை அந்த ரோட்டின் நடைபாதைப் பலகைக் கற்களில் ஏற்றி இறக்கினால், அடி நேராக அச்சுக்கும் பியரிங்குக்கும் போகிறது. மழைத்தண்ணீர் அச்சின் வயர்த் துளை வழியே உள்ளே இறங்கினால் சென்சார்களுக்கும் கேடு.

ஆகவே ஒரு வேண்டுகோள். சக்கரம் அதிர்ந்து நின்றால் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். சுழலாத மோட்டாருக்குள் பாயும் மின்சாரம்தான் காயிலைக் கருக்குகிறது. அணைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, சாதாரணப் பெட்டியாக இழுத்து வாருங்கள். வரும் வழியில் சக்கரம் கனத்ததா, லேசாக உருண்டதா என்று கவனித்து, அதை முதலில் சொல்லுங்கள்.