கைத்தொலைபேசித் திரையும் புளத்கொஹுபிட்டியவும்

பத்திரிகைப் பக்கம் கட்டுவோரிடம் ஒரு பழைய விதி உண்டு. பத்தியின் அகலத்துக்குள் சொல் அடங்காவிட்டால் முறிக்கலாம். அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக்கூடாது. ஆங்கிலத்தைப்போல இடைக்கோடு போடவேண்டியதுமில்லை. ஈய எழுத்துக் கோத்த காலத்திலும், கணினி வந்த பின்னரும், எங்கள் ஒப்புநோக்குநர்கள் இதில் கண்டிப்பாக இருந்தார்கள். வரியின் தலையில் 'ட்' நின்றால் சிவப்பு மையால் வட்டம் விழும். பத்தியின் அகலம் மாறாதது என்பதால் ஒருமுறை திருத்தினால் போதும், அத்தனை பிரதியிலும் சரியாகிவிடும்.

திரையில் அது நடவாது. ஒரே பக்கம் மேசைக் கணினியில் ஓர் அகலத்திலும் கைத்தொலைபேசியில் வேறோர் அகலத்திலும் விரிகிறது. பெட்டிகளுக்கு நிலையான அளவு கொடுக்காமல் விகிதம் கொடுத்து, இடம் குறுகும்போது அடுக்கை மாற்றும் முறைக்கு 2010இல் ஈத்தன் மார்க்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 'ரெஸ்பொன்சிவ்' என்று பெயரிட்டார். நிலையான அளவுப் பெட்டியின் தொல்லையைத் தோட்டத்து மனிதருக்கு விளக்கவேண்டியதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிள்ளைகள் பெருகினாலும் சுவர் நகர்வதில்லை.

ஓய்வுபெற்ற செய்தியாளனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். சப்ரகமுவத் தோட்டங்களில் மழைக்காலத்தில் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியப் பகுதியில் களுபான தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் பலரைக் கொண்டுபோயின. மண்சரிவு அபாயம் பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக மூன்று கட்டங்களில் அறிவிக்கிறது. 24 மணித்தியாலத்தில் பெய்த மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு என்பது பொதுவான அளவுகோல். சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேறவேண்டும்.

இந்த அறிவித்தல்களை எடுத்துப் போடும் பக்கங்கள் பல. அவற்றுள் ஒன்றை, புளத்கொஹுபிட்டியப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் கைத்தொலைபேசியில் பார்த்தேன். நடத்துபவர் யார் என்பது இங்கு வேண்டாம். அட்டவணையில் நான்கு நிரல்கள்: மாவட்டம், பிரதேச செயலாளர் பிரிவு, மழை அளவு, கட்டம். திரையில் தெரிந்தவை இரண்டரை. கட்டம் என்ற நிரல் வலது விளிம்புக்கு அப்பால் கிடந்தது.

"எங்க ஊரு பேரு இருக்குதுங்க ஐயா. என்ன செய்யணும்னு ஒண்ணும் போடலியே" என்றார் அவர்.

விரலால் தள்ளினால் வரும் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அங்கே தள்ளிப் பார்க்கும்படி சொல்ல ஓர் அம்புக்குறிகூட இல்லை.

காரணம் எளிது. அட்டவணையை ஆங்கிலத்தில் கட்டியிருக்கிறார்கள். 'லெவல் 3' என்பது ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தும் ஓர் எண்ணும். தமிழில் 'மூன்றாம் கட்டம் – வெளியேறவும்'. மலிவான கைத்தொலைபேசிகளின் திரையகலம் பெரும்பாலும் 360 புள்ளி. நான்காகப் பங்கிட்டால் நிரலுக்கு 90. 'புளத்கொஹுபிட்டிய' வாசிக்கக்கூடிய எழுத்தில் அதற்குள் அடங்காது. இடைவெளி இல்லாத சொல்லை உலாவி தானாக முறிப்பதுமில்லை. எங்கே வேண்டுமானாலும் முறி என்று கட்டளையிட்டால் 'புளத்கொஹுபி' என்று ஒரு வரியும் 'ட்டிய' என்று மறு வரியுமாக வெட்டிவிடும். எங்கள் ஒப்புநோக்குநர் பார்த்திருந்தால் மூர்ச்சை போட்டிருப்பார்.

அளவுகளைச் சொல்லாமல் உறவுகளைச் சொல்லி, மீதியைக் கணினியிடமே விடுவது புதிய எண்ணமன்று. 1963இலேயே ஐவன் சதர்லாந்து தமது 'ஸ்கெட்ச்பாட்' வரைநிரலில் அதைச் செய்தார். 1990களில் ஆலன் போர்னிங், கிரெக் பாட்ரோஸ், பீட்டர் ஸ்டக்கி முதலானோர் 'கசோவரி' என்ற பறவையின் பெயரில் ஒரு தீர்வுமுறையை உருவாக்கினார்கள். 2011 முதல் அப்பிள் கணினிகளின் வடிவமைப்பில் அது இயங்குகிறது. என்னைக் கவர்ந்தது அதிலுள்ள படிநிலை. நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருங்கே நிறைவேற்ற முடியாதபோது எது விட்டுக்கொடுக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்: சில கட்டாயம், சில வலுவானவை, சில நடுத்தரம், சில வலுவற்றவை. இரவு ஆசிரியர் செய்தியை வாலிலிருந்து வெட்டுவதும் இதே நியாயத்தில்தான். தலைப் பந்தியில் கை வைக்கமாட்டார். இதே முறையை இணையப் பக்கங்களுக்கும் கொண்டுவர 1999இல் ஒரு முன்மொழிவு வந்தது. உலாவிகள் அதை ஏற்கவில்லை. ஆனால் நிரலின் அகலம் அதிலுள்ள மிக நீண்ட சொல்லைவிடக் குறையக்கூடாது என்று நிபந்தனையிட இன்று வழியுண்டு. 2023 முதல், ஒரு பெட்டி முழுத் திரையைப் பார்க்காமல் தான் இருக்கும் இடத்தின் அகலத்தைப் பார்த்தே வடிவம் மாறவும் முடிகிறது.

அதே தோட்டத்தில் பிறந்து கொழும்பில் இணையப் பக்கம் கட்டும் தொழில் பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மாதிரிக்கு ஒன்று செய்து பார்ப்போம் என்றார். பிரிவின் பெயரும் கட்டமும் கட்டாயம் என்று வைத்தோம். மழை அளவு கீழே இறங்கலாம். மாவட்டம் மறைந்தாலும் குற்றமில்லை. தன் மாவட்டம் எதுவென்று யாருக்கும் தெரியும். நிறத்தை மட்டும் நம்புவதில்லை என்றும் முடிவுசெய்தோம், வெயிலில் கீறல் விழுந்த திரையில் மஞ்சளும் செம்மஞ்சளும் ஒன்றுதான். இடம் குறுகினால் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் தனித்தனி அட்டையாக மாறும். குறுகுவது எந்த அளவில் என்பதை அவர் புள்ளியில் குறிக்காமல் எழுத்தின் அளவைக்கொண்டு குறித்தார். கண் மங்கிய கிழவி எழுத்தைப் பெரிதாக்கினாலும் ஒன்றும் விளிம்புக்கு வெளியே போகாது.

பெயர்களை முறிக்கும் இடங்களை மட்டும் கையால்தான் குறித்தோம். புளத்–கொஹு–பிட்டிய. தெஹியோ–விட்ட. கேகாலையின் 11 பிரிவுகளையும் முடித்துவிட்டு இரத்தினபுரிக்குப் போகவிருந்தபோது, 'தெரணியகல'வா 'தெரணியகலை'யா என்று கேட்டார். இரண்டும் புழக்கத்தில் உண்டு. பஸ்ஸின் பெயர்ப்பலகையில் உள்ளதையே போடச் சொன்னேன்.