தமுக்கம்

நாகம் ஒன்று நீண்டு படுத்தாற்போலக் கிடக்கும் குன்றத்தின் அடியில் அமைந்த ஊர் நாகமலை புதுக்கோட்டை. விடுமுறை நாளில் அவ்வூர்ச் சிறுவர் மதுரையைக் காணப் புறப்படுவராயின், பேருந்து கிழக்கு நோக்கி ஓடி, நகரினுள் புகும். வையைப் பாலத்தைக் கடந்து வடகரை சேர்ந்தால் தல்லாகுளம். அங்கே உள்ளது தமுக்கம்.

நாயக்கர் காலத்துக் கோடை மாளிகையே இப்பெயர் பெற்றது. இராணி மங்கம்மாளின் பெயரோடு இதனை இணைத்துக் கூறுவது மதுரையார் வழக்கம். கணவனையும் மகனையும் இழந்தபின், பெயரனாகிய சிறுமகவின் பொருட்டு நாடாண்டவர் அவ்வம்மையார். மாளிகையின் முன் விரிந்த வெளியில் யானைப்போர் நிகழ, அரச குடும்பத்தார் மாடத்திலிருந்து கண்டு களிப்பராம்.

அரசர்க்குரிய அவ்வெளி பின்னர் மக்களுடையதாயிற்று. பல்லாண்டுகள் சித்திரைப் பொருட்காட்சி இங்கேதான் நடைபெற்றது. இராட்டினம் ஏறாத மதுரைச் சிறுவர் அந்நாளில் அரியர். சித்திரைத் திருவிழாவில் மலையினின்று இறங்கிவரும் அழகர், ஆற்றில் இறங்குமுன் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை அணிவார். அன்றிரவு இப்பக்கமெங்கும் மக்கள் வெள்ளமே. 1981ஆம் ஆண்டு ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியபோது, இங்கே தமிழன்னைக்குச் சிலை எழுந்தது. 2022இல் வெளியின் ஒரு பகுதியில் மாநாட்டு மண்டபம் அமைந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அது நன்றே. எனினும் வெற்றிடமும் ஒரு நகருக்குச் செல்வம் என்பதை எண்ணுவார் சிலரே.

அருகே இராசாசி சிறுவர் பூங்கா உளது. ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் கண்ட சிறுவரை அவ்விடத்தினின்று பெயர்த்தல் ஆசிரியர்க்கு எளிதன்று!

பழைய மாளிகையில் இப்போது இருப்பது காந்தி நினைவு அருங்காட்சியகம். 1959ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் நேரு அதனைத் திறந்து வைத்தார். விடுதலைப் போரின் வரலாற்றைப் படங்களில் பார்த்துக்கொண்டே செல்வோர், இறுதியில் ஒரு கண்ணாடிப் பேழையின்முன் நின்றுவிடுவர். 1948 சனவரி 30 அன்று அண்ணல் சுடப்பட்டபோது அணிந்திருந்த ஆடையின் பகுதி அதனுள் இருக்கின்றது. அதில் குருதிக்கறை படிந்துள்ளது. பூங்காவில் கூவி ஆடிய சிறுவரும் இங்கே குரல் அடங்கிப் போகின்றனர். யானைகள் மோதக் கண்டு ஆரவாரித்த மாளிகையில் அந்த அமைதி நிலவுதல் வியப்பே.

அவ்வாடை மதுரைக்கு வந்து சேர்ந்ததும் பொருத்தமுடைத்து. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகள் புகைவண்டியில் மதுரை நோக்கி வந்தார். அயல்நாட்டுத் துணி உடுத்திருந்த பயணிகளிடம் கதர் அணியுமாறு வேண்டினார். கதர் வாங்கும் அளவுக்குத் தம்மிடம் பொருளில்லை என்று அவர்கள் விடையிறுத்தனர். தாமோ குல்லாயும் சட்டையும் நீண்ட வேட்டியும் அணிந்திருக்கக் கண்டார். அவர் உள்ளம் வருந்திற்று. செப்டம்பர் 22ஆம் நாள் தலையை மழித்து, முழங்காலளவு துண்டு ஒன்றை உடுத்து மதுரை மக்கள்முன் வந்தார். சில நாள் நோன்பாகத் தொடங்கிய அக்கோலத்தை, இங்கிலாந்து மன்னரைக் காணச் சென்றபோதும் அவர் மாற்றினாரல்லர்.

அவர் அக்கோலம் பூண்ட வீடு மேலமாசி வீதியில் உளது. தமுக்கத்தினின்று ஆற்றைக் கடந்து தெற்கே சென்றால் அதனையும் காணலாம். பின்னாளில் அவ்வீட்டில் கதர் அங்காடி ஒன்று அமைந்தது.