செய்தி வந்த வழி



பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற மகனைப் பற்றி நான்கு நாட்கள் ஒரு சொல்லும் வராதிருந்தால் ஒரு தாயின் நிலை என்னவாகும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். நம் ஊர்களில் வெளிநாட்டிலோ வெளியூரிலோ ஒருவரேனும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆதலால் நான் சொல்லப்போகும் செய்தி உங்கள் ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் உரியதே ஆகும்.

என் காக்கா அந்தமானில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் அந்நகரம் அன்று போர்ட் பிளேர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் முதலில் அந்தத் தீவுகளைத்தான் தாக்கியது. பின்னரே நமது கரைக்கு அலை வந்தது. எங்கள் முத்துப்பேட்டையை அலையாத்திக் காடு காத்து நின்றது. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் வந்த செய்திகளைக் கேட்டவர்களுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வாப்பா காக்காவின் கடைக்கும் வீட்டுக்கும் மாறி மாறித் தொலைபேசியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். மணியே அடிக்கவில்லை. தொலைக்காட்சியில் தீவுகளின் வரைபடத்தைக் காட்டினார்கள், மனிதர்களைக் காட்டவில்லை. உம்மா முற்றத்துத் திண்ணையை விட்டு எழவில்லை. மூன்று இரவுகள் அவ்வாறே கழிந்தன.

நான்காம் நாள் முற்பகலில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் முன்பின் அறியாத ஒருவர். வாப்பாவின் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஆங்கிலத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தார். "மகன், மருமகள், பிள்ளைகள் இருவரும் நலம், பள்ளிக்கூட முகாமில் இருக்கிறார்கள்" என்பதே அவ்வரியின் பொருள். "இது அந்தமானிலிருந்து ஹாம் வானொலி மூலம் வந்த செய்தி. இன்னும் பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது" என்று கூறி வைத்துவிட்டார். நன்றி சொல்வதற்குக்கூட வாப்பாவுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஒரு மளிகைச் சீட்டின் பின்புறத்தில் அவ்வரியை நான்தான் எழுதிக்கொண்டேன். அப்போது எனக்கு வயது 19.

தொலைபேசி இறந்துபோன தீவிலிருந்து செய்தி எப்படி வந்தது?

இக்கேள்வி என்னை விடவில்லை. பின்னர்தான் விவரம் அறிந்தேன். நெடுங்காலமாக அமெச்சூர் வானொலிக்கு அனுமதியில்லாதிருந்த அந்தமானில், உரிய அனுமதி பெற்று, அந்த மாதத்தில்தான் ஒரு சிறு குழு நிலையம் அமைத்து உலக நாடுகளிலுள்ள அன்பர்களோடு பேசிக்கொண்டிருந்தது. அதன் தலைவி பாரதி பிரசாத் என்னும் பெண்மணி. ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சார்ந்தவர். பொழுதுபோக்குக்காகச் சென்ற அக்குழு, பேரழிவு நேர்ந்ததும் தன் கருவிகளை அப்படியே மீட்புப் பணிக்குத் திருப்பிவிட்டது. குழுவைச் சார்ந்தவர்கள் கார் நிக்கோபார் தீவுக்கும் சென்றனர். தீவிலிருந்து பேசப்பட்ட சொற்களைப் பெருநிலத்திலிருந்த ஹாம் அன்பர்கள் தாளில் எழுதிக்கொண்டு, தத்தம் சொந்தச் செலவில் தொலைபேசி மூலம் உரியவர்களுக்குச் சொன்னார்கள். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் எங்கள் வீட்டு மணியை அடித்திருக்கிறது.

அமெச்சூர் வானொலி என்பது ஊதியம் கருதாது, வணிக நோக்கமில்லாது, அரசின் உரிமம் பெற்றுத் தனி மனிதர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. நம் நாட்டில் அது 'வி.யூ.' என்று தொடங்கும். ஜோர்டானின் மன்னராக இருந்த ஹுசைன் அவர்களும் ஓர் ஹாம் அன்பர்தாம். 'ஜே.ஒய்.1' என்ற குறியோடு அவர் வானலையில் வந்தால், எதிர்முனையில் பேசுபவர் பள்ளி மாணவராகவும் இருக்கலாம். கைபேசிக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். கோபுரங்களை இணைக்கும் கம்பிவடம் அறுபடாதிருக்க வேண்டும். ஹாம் நிலையத்துக்கோ ஒரு செட், ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு கம்பி ஆகியவை போதும். இடையில் எவருடைய உதவியும் தேவையில்லை. சிற்றலையில் அனுப்பப்படும் ஒலி வானத்தின் மேலடுக்கில் மோதித் திரும்பி நூற்றுக்கணக்கான, ஏன், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சென்று சேர்கிறது.

எங்கள் ஊரில், கப்பல்களில் வானொலி அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். ஆசிரியப் பணியில் சேர்ந்த பின்னர், அவரிடம் சென்று பாடம் கேட்டேன். மாமா என்றே அழைப்பேன். வானொலி நுட்பம், விதிமுறைகள் ஆகிய பாடங்களில் தேர்வு எழுதித் தேறி 2011-இல் உரிமம் பெற்றேன். மைக்கைக் கையில் எடுத்ததும் பேசத் துடித்த என்னிடம் அவர் சொன்ன முதல் பாடம் இது: "பேசுறதுக்கு நாலு பேர் இருக்காங்க மகளே. கேக்குறதுக்குத்தான் ஆள் இல்லை." முதல் மூன்று மாதங்கள் என்னைக் கேட்க மட்டுமே விட்டார்.

ஆயத்தம் என்பது என்ன?

ஆபத்து வந்த பின் கற்றுக்கொள்ளலாம் என்பது ஹாம் அன்பர்களிடம் இல்லை. அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய வழக்கப்படி, ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதியைக் குறித்து, பலர் வெட்டவெளியில் நிலையம் அமைத்துப் பழகுகிறார்கள். நாங்கள் மூவர், மாதம் ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டோம். அன்று இரண்டு மணி நேரம் வீட்டு மின்சாரத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கைபேசியை அலமாரியில் பூட்டிவிட வேண்டும். வானொலியால் மட்டுமே ஒருவரையொருவர் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதல் ஞாயிறு நான் தோற்றேன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்பதே எனக்கு நினைவில்லை. பத்து நிமிடத்தில் செட் அணைந்துவிட்டது. அன்று அது பயிற்சி, ஆகவே சிரித்துக்கொண்டோம். ஆனால் மாமா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பையில் கைச்செட், மாற்று பேட்டரி, உருகிக் கம்பிகள், டார்ச் விளக்கு, நோட்டுப் புத்தகம், பென்சில், குடிநீர் ஆகியவற்றை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கிறேன். பேனா நனைந்தால் எழுதாது, பென்சில் எழுதும்.

விதிகளையும் பழகிக்கொண்டோம். பலர் ஒரே அலைவரிசையில் இருக்கும்போது ஒருவரே தலைமை நிலையமாக இருந்து முறை கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அழைக்கப்பட்டால் மட்டுமே பேச வேண்டும். உயிர் ஆபத்துச் செய்தி முதலில். மருந்து, உணவு, மீட்பு பற்றியவை அடுத்து. நலம் விசாரிப்பவை கடைசியில். கண்டதைச் சொல்லலாம், கேள்விப்பட்டதைச் சொல்லலாகாது. வானொலிப் பேச்சை எவரும் கேட்க முடியும் என்பதால், குடும்பத்தார் அறியும் முன் இறந்தவர் பெயரை வானலையில் உரைக்கலாகாது. இரைச்சலில் 'இருபது' என்பதும் 'அறுபது' என்பதும் ஒன்றுபோல ஒலிக்கும். ஆகவே எண்களை 'இரண்டு, சுழியம்' என்று பிரித்தே சொல்ல வேண்டும். பெற்றவர் திரும்பப் படித்துக் காட்டும் வரை ஒரு செய்தி சென்று சேர்ந்ததாகாது.

கஜா வந்தது

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. விடிந்தபோது தென்னந்தோப்புகள் தரையில் கிடந்தன. மாவட்டங்கள் பலவற்றிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவில் எந்தக் கைபேசியிலும் ஒரு கோடுகூட இல்லை.

என் ஏரியலைத் தாங்கியிருந்த இரும்புக் குழாய் வளைந்து விழுந்திருந்தது. பத்துப் பத்து மீட்டராக இரு கைகள் கொண்ட அந்தக் கம்பியை, பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கும் முறிந்து நின்ற ஒரு வேப்பமரத்துக்கும் இடையே, தலைக்குச் சற்று மேலே கட்டினேன். உயரம் போதாதே என்று கலங்கினேன். ஆனால் கம்பி தாழ்ந்திருக்கும்போது அலை நேர் மேலே சென்று, அருகிலுள்ள மாவட்டங்களிலேயே வந்து இறங்கும் என்று மாமா முன்னரே சொல்லியிருந்தார். 7 மெகாஹெர்ட்ஸில் திருச்சி அன்பர் ஒருவரின் குரல் தெளிவாக வந்தது. பேட்டரியைக் காக்க வேண்டி வலுவைக் குறைத்துக்கொண்டு, குறித்த நேரங்களில் மட்டும் பேசுவது என்று முடிவு செய்தோம்.

செய்தி பரவியதும் மக்கள் துண்டுச் சீட்டுகளோடு வந்தார்கள். இன்சுலின் வேண்டும், பால்மாவு வேண்டும் என்ற செய்திகளை முதலில் அனுப்பினேன். அதன் பின்னர் துபாய்க்கும் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் உரிய நலச் செய்திகள். மறுநாள் மாலைக்குள் நாற்பதுக்கும் மேல் ஆகிவிட்டன. திருச்சி அன்பர் எழுதிக்கொண்டு, அவற்றைத் தம் தொலைபேசியில் உரியவர்களுக்குச் சொன்னார்.

இங்கேதான், சகோதர சகோதரிகளே, என் பிழையை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஊர்களில் ஒரே பெயர் ஒரு தெருவிலேயே மூவருக்கு இருக்கும். அடுத்தடுத்த தெருக்களில் ஒரே பெயர் கொண்ட இருவர். இருவருடைய பிள்ளைகளும் துபாயில். ஒரு வீட்டில் கூரை விழுந்து தாய்க்குக் கால் முறிந்திருந்தது. மற்ற வீட்டில் ஓடுகள் மட்டும் பறந்திருந்தன. களைப்பில் நான் இரு சீட்டுகளின் தொலைபேசி எண்களை மாற்றிப் படித்துவிட்டேன். கேட்டவர் சரியாகத்தான் திரும்பப் படித்தார். நான் அவர் படித்ததை என் தாளோடு ஒப்பிட்டேனே தவிர, சீட்டோடு ஒப்பிடவில்லை.

மறுநாள் காலை, உடம்பில் ஒரு கீறலும் இல்லாத ஒரு தாய் என் முன்னே வந்து நின்றார். எப்படியோ ஊருக்கு வந்து சேர்ந்த உறவினர் ஒருவர் மூலம், தம் மகன் விமானச் சீட்டுக்கு அலைகிறான் என்பதை அறிந்திருக்கிறார். அவர் என்னைத் திட்டவில்லை. "எம் புள்ள ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கலியாம்மா" என்று மட்டும் சொன்னார். திண்ணையை விட்டு எழாத என் உம்மாவின் முகம் அக்கணத்தில் என் முன் வந்தது. நான்கு நாள் மௌனம் எத்தகையது என்பதை அறிந்த நானே, ஒருவருக்கு அதனினும் கொடிய ஓர் இரவைக் கொடுத்துவிட்டேனே! உடனே திருத்தச் செய்தியை அனுப்பினேன். அது சேர்ந்தது என்ற பதில் வரும்வரை வேறெந்தச் சீட்டையும் தொடவில்லை. கால் முறிந்த தாயின் மகனுக்கும் அதன் பின்னரே உண்மை போய்ச் சேர்ந்தது.

அன்று முதல் என் தாளில் பெயரோடு தகப்பனார் பெயர், தெரு, கதவு எண் ஆகியவையும் இருக்கும். செய்தி கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே அதனைப் படித்துக் காட்டி, அவர் 'ஆம்' என்ற பின்னரே மைக்கைத் தொடுகிறேன். விரைவு தொண்டுதான், ஆனால் பிழையான விரைவு தொண்டாகாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஹாம் ஆவது எல்லோருக்கும் இயலாதிருக்கலாம். ஆனால் ஆயத்தமாக இருப்பது எல்லோருக்கும் இயலும். முக்கியத் தொலைபேசி எண்களைத் தாளில் எழுதிக் குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி அணைந்தால் மகனுடைய எண்ணே நம்மில் பலருக்கு நினைவில் இல்லை. தொலைவூரிலுள்ள ஓர் உறவினரைத் தேர்ந்து, ஆபத்துக் காலத்தில் எல்லோரும் அவருக்கே செய்தி சொல்வது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். செய்தி அனுப்ப நேர்ந்தால் யார், எங்கே, எந்நிலையில் என்பவற்றை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகளில் எவரேனும் பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் குணமுடையவராயின், தயவுசெய்து கடியாதீர்கள். 12 வயது நிரம்பியவர்கள் இத்தேர்வை எழுதலாம். ஆணென்றும் பெண்ணென்றும் இதில் வேறுபாடு இல்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: உரிமம் பெறாமல் இக்கருவிகளை வாங்கிப் பேசுவது குற்றமாகும். அது மீட்புப் பணியில் இருப்பவர்களுக்கு இடையூறாகவும் முடியும்.

கட்டார் நாட்டின் செயற்கைக்கோள் ஒன்றில் 2018 முதல் ஹாம் அன்பர்களுக்கென்றே ஒரு கருவி வானில் இருக்கிறது. அதன் வழியே வளைகுடாவும் நம் நாடும் ஒன்றோடொன்று பேச முடியும். அறிவியல் இத்தனை தூரம் வளர்ந்துவிட்டது. ஆயினும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவும் சீட்டைச் சரியாகப் படிக்கவும் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறதே!

காக்கா இன்றும் அந்தமானில்தான் கடை நடத்துகிறார். மளிகைச் சீட்டில் நான் எழுதிய அந்த வரியை உம்மா தம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அவருடைய மறைவுக்குப் பின் அது என்னிடம் வந்தது. இப்போது என் செட்டுக்கு மேலே, கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்கிறேன். மாதந்தோறும் ஒரு ஞாயிறு மெயின் சுவிட்சை அணைக்கும்போது, என் மகள் நோட்டுப் புத்தகத்தையும் சீவிய பென்சிலையும் எடுத்துக்கொண்டு என் அருகில் வந்து அமர்கிறாள். அவளும் இப்போது கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.